தண்ணீர் பட்ட பிள்ளைகள்

உருளைக்கிழங்குச் செடி பூத்து நிற்கிற பிப்ரவரி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வைராபாட்டா என்ற மலையூரின் மேல்வயல் முழுவதையும் கல்மழை அடித்துத் தீர்த்தது. அரை மணி நேரம்கூட இருக்காது. மேகத்தை விரட்ட ஆண்கள் சாணத்தைக் கொளுத்திப் புகை போட்டார்கள். பெண்கள் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி வானத்தைத் திட்டினார்கள். கோயில் மணியை யாரோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். வானம் காது கேட்காததுபோலக் கொட்டிவிட்டுப் போனது. பார்த்தால் வயல் வெள்ளையாகக் கிடந்தது, வெள்ளைக்கு அடியில் தண்டெல்லாம் முறிந்திருந்தது. இனி வருஷம் முழுக்க என்னத்தைத் தின்பது என்று யாரும் கேட்கவில்லை. எவள் பிள்ளையைப் புதைத்தாள் என்றுதான் கேட்டார்கள்.

வைராபாட்டாக்காரர்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் படாமல் செத்த பிள்ளை ஊருக்குள் மண்ணில் கிடந்தால் குளிரில் அழும். அந்தக் குளிர் மேலே ஏறி மேகத்தில் உறைந்து, கல்லாகத் திரும்பி வரும். அந்தப் பிள்ளையைத் தோண்டியெடுத்துக் கணவாய் மேட்டில், பயிர் பச்சை எதுவும் இல்லாத இடத்தில், கல்லுக்கு அடியில் போடுகிற வரைக்கும் கல்மழை ஓயாது.

வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வருகிற ஃபாதர் வேறு மாதிரிச் சொல்வார். கடவுள் உலகத்தைக் குறையில்லாமல்தான் படைத்தார், ஏவாள் கையை நீட்டினாள், ஆதாம் வாயைத் திறந்தான், அன்றைக்குப் பிடித்தது இந்தப் பீடை, வலியும் சாவும் பஞ்சமும் அந்த ஜென்மப் பாவத்தின் சம்பளம் என்பார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தகரக்கொட்டகையில் புதிதாகச் சபை நடத்துகிற பாஸ்டர், அதெல்லாம் பழைய கதை, இந்த ஊர்ப் பெண்கள் சுரூபங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதால்தான் ஆண்டவர் அடிக்கிறார் என்பார். அவர் வயலிலும் கல் விழுந்தது, அதற்குப் பெயர் மட்டும் சோதனை. மூன்று பேரும் மூன்று வழியில் கிளம்பினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரு பெண்ணின் வாசலில்தான். இதில் மட்டும் வேதத்துக்கும் ஊருக்கும் சண்டையே கிடையாது.

நிக்காசியாவுக்கு இந்த மூன்று விளக்கமும் மனப்பாடம். அவள்தான் ஊரின் மருத்துவச்சி. பதினெட்டு வருஷமாக வைராபாட்டாவில் பிறந்த பிள்ளை எதுவும் அவள் கையில் விழாமல் மண்ணில் விழுந்ததில்லை. அவள் பிள்ளையை எடுப்பாள். பிள்ளை நோஞ்சானாக இருந்தால் யாராவது ஓடிப்போய் உபதேசியார் அன்செல்மோவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஃபாதர் இல்லாத ஊரில் ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்கிற உரிமை அவருக்கு உண்டு. அவர் உப்புப் போட்ட தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பெயர் சொல்லுவார். தண்ணீர் பட்டபின் செத்தால் அந்தப் பிள்ளை சம்மனசு, தேவதூதன். காகித இறக்கை ஒட்டி, பாட்டோடு கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். தாய் அழக்கூடாது. கண்ணீர் பட்டால் இறக்கை நனைந்து பறக்க முடியாமல் போகுமாம்.

புதன்கிழமை காலையில் பள்ளிக்கூட முற்றத்தில் ஊர் கூடியது. வெள்ளிப்பூண் போட்ட ஊர்க்கோலைப் பிடித்திருந்த ஊர்த்தலைவர் செலஸ்தீனோ, சுற்றி வளைக்காமல் டெல்ஃபினாவின் பெயரைச் சொன்னார். பதினேழு வயசுப் பெண். இரண்டு வருஷம் கூஸ்கோ பட்டணத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு, கல்மழைக்கு ஒரு மாதம் முன்புதான் திரும்பி வந்தவள். அப்பா கிடையாது, அம்மாவுக்குக் காசநோய். வரும்போது தொளதொளவென்ற கம்பளிச்சட்டை போட்டிருந்தாளாம். ஊருக்கு அந்தச் சட்டை போதுமானதாக இருந்தது.

வழக்கப்படி பரிசோதிக்க வேண்டியது மருத்துவச்சி. நிக்காசியா பெண்ணை வகுப்பறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மாரை அழுத்திப் பார்த்தபோது இரண்டு பேருக்குமே முகம் சிவந்துவிட்டது. டெல்ஃபினா சுவரைப் பார்த்துக்கொண்டே, "பாத்திரம் கழுவினேன்க்கா. துணி துவைச்சேன். பிள்ளை பெத்துக்க எனக்கு எங்க நேரம் இருந்துச்சு?" என்றாள்.

வெளியே வந்து நிக்காசியா உள்ளதைச் சொன்னாள். இது பிள்ளை பெற்ற உடம்பே இல்லை என்றாள். செலஸ்தீனோ கோலைத் தரையில் ஊன்றினார்.

"அப்ப இந்தக் கல்லெல்லாம் எங்கேருந்து வந்துச்சு, நிக்காசியா? நீயே சொல்லு."

அதற்கு அவளிடம் பதில் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். பால் வற்றியிருக்கும், பட்டணத்துப் பெண்ணுக்கு மருந்து மாத்திரையா கிடைக்காது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தீர்ப்பு சீக்கிரம் முடிந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் புதைத்த இடத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோயில் முன்னால் கசையடி, அப்புறம் ஊரைவிட்டு வெளியே. தாயின் பங்கு நிலம் ஊருக்குச் சேரும். இல்லாத பிள்ளையின் இல்லாத குழியை எப்படிக் காட்டுவாள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நிக்காசியாவிடம் பதில் இருந்தது. போன வருஷத்து கார்னிவல் கொண்டாட்டத்திலிருந்து அவள் அதை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை. அவளே தன் வயிற்றைப் பிடித்து, அவளே தன் கையால் வாங்கிய ஆண்பிள்ளை. அது வாய் திறக்கவில்லை. காலைப் பிடித்துத் தட்டினாள், மூக்கில் ஊதினாள், வாயோடு வாய் வைத்து உறிஞ்சினாள். ஊரார் பிள்ளைக்குச் செய்ததையெல்லாம் செய்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. புருஷன் தொரீபியோ ஓடிப்போய் உபதேசியாரை இழுத்துக்கொண்டு வந்தபோது பிள்ளை சில்லிட்டு நேரமாகியிருந்தது. அன்செல்மோ கார்னிவல் சாராய நெடியோடு வந்தார். தண்ணீரை ஊற்றினார், எலியாஸ் என்று பெயர் சொன்னார். அப்புறம் தொரீபியோவைத் திரும்பிப் பார்த்து, "உதடு அசைஞ்சுது, பார்த்தியா?" என்றார். தொரீபியோ பார்த்தேன் என்று அழுதான். மருத்துவச்சியான அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவளும் ஆமாம் என்றாள். பாட்டும் இறக்கையும் சிலுவையும் பிள்ளைக்குக் கிடைத்தன. அவள் சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லறை வரை நடந்தாள்.

செத்த பிள்ளைக்கு ஊற்றிய தண்ணீர் செல்லாது. அது ஃபாதர் சட்டம், ஊர்ச் சட்டமும்கூட. அப்படிப் பார்த்தால் தண்ணீர் படாத பிள்ளை அவளுடையதுதான். வாயைத் திறந்தால் எலியாஸைத் தோண்டிவிடுவார்கள். திறக்காவிட்டால் டெல்ஃபினாவின் முதுகுத்தோல் உரியும்.

அன்று சாயங்காலம் அவள் அன்செல்மோவின் வீட்டுக்குப் போனாள். உபதேசியார் கோக்கா இலையை மென்றுகொண்டு பழைய செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயசு. அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறவரை ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?" என்றார். "தாயி, நான் எந்த வீட்டுக்கு நேரத்துக்குப் போயிருக்கேன்? கீழத்தெருவுல பிள்ளை திணறும், நான் மேட்டுல ஆடு மேய்ச்சிட்டு இருப்பேன். ஓடி வர்றதுக்குள்ள பாதி போயிரும். போய் நின்னா தாய்க்காரி என் மூஞ்சியப் பார்க்கிறா. அந்த மூஞ்சிக்கு நேரா, செத்துப்போச்சு, தண்ணி செல்லாது, கொண்டுபோய்க் கணவாய்ல போடுன்னு நீ சொல்லுவியா? என்னால முடியல. உதடு அசைஞ்சுதுன்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்."

அவள் கேட்டாள், அப்படியென்றால் கல்மழை வருஷா வருஷம் பெய்திருக்க வேண்டுமே என்று.

"வருஷா வருஷம்தான் பெய்யுது. நல்லா விளைஞ்ச வருஷமும் பெய்யுது. அதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?" அன்செல்மோ நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நீ நாளைக்கு என் தண்ணியத் தப்புன்னு சொன்னேன்னா, நான் இல்லேன்னு சத்தியம் பண்ணுவேன். எனக்காக இல்ல. இருபத்திமூணு பிள்ளைங்க அங்க படுத்திருக்கு."

நிக்காசியா திரும்பி வரும் வழியில் கடவுள்மேல் வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வழியில் கிடந்த கல்லை உதைத்தாள். போன திருவிழாவில் ஃபாதரிடம் அவள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஆதாம் தின்றான் சரி, என் வயிற்றுக்குள் ஒன்பது மாதம் இருந்த பிள்ளை எதைத் தின்றது என்று. ஃபாதர், அது தேவ ரகசியம் மகளே என்று சொல்லிவிட்டு, கையில் பிள்ளையோடு நின்ற அடுத்த குடும்பத்தை அழைத்தார்.

வியாழன் மத்தியானம் கூட்டத்தின் நடுவில் டெல்ஃபினா கை கட்டப்பட்டு மண்டியிட்டிருந்தாள். நிக்காசியா தொரீபியோவிடம் எதுவும் சொல்லாமலே எழுந்து நின்றாள்.

"இந்தப் பொண்ண விட்டுருங்க. கல்லறையில இருக்கிற என் பிள்ளைதான். அவன் பிறக்கும்போதே உயிர் இல்ல. தண்ணி செல்லல."

ஊர் தன்னைத் திட்டும் என்று எதிர்பார்த்தாள், புருஷன் அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்தாள். ஆனால் முதலில் பாய்ந்தது பெண்கள். தொரீபியோவின் அக்கா எர்மெலிந்தா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை உயிரோட பிறந்துச்சா இல்லையான்னு மருத்துவச்சிக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியுதோ? இன்னைக்கு உன் பிள்ளைக்குத் தண்ணி செல்லலன்னுவே. நாளைக்கு என் பிள்ளைக்கும் செல்லலன்னு சொல்லுவியா? வாயக் கழுவுடி."

அப்புறம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. அந்த முற்றத்தில் சம்மனசைப் பெறாத தாய் பாதிகூட இல்லை. அன்செல்மோ தொப்பியைக் கழற்றி, மூச்சு இருந்தது, சிலுவைமேல் ஆணை என்றார். தொரீபியோ மனைவியைப் பார்க்காமல் உதடு அசைந்ததை நானே பார்த்தேன் என்றான். செலஸ்தீனோவுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்குக் கசையடி என்று வந்த விஷயம் ஊர்க் கல்லறையையே தோண்டுகிற விஷயமாக மாறுவதை அவர் கண்டுகொண்டார். தீர்ப்பை மறுநாள் காலைக்குத் தள்ளிவிட்டு, டெல்ஃபினாவை அவிழ்த்துவிடச் சொன்னார். அவள் அதற்குமேல் நிற்கவில்லை. சாயங்காலம் கம்பளி ஏற்றிப்போன லாரியில் நோயாளித் தாயையும் தூக்கிப்போட்டுக்கொண்டு கூஸ்கோவுக்குப் போய்விட்டாள். போகும்போது நிக்காசியா வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் தப்பும் இல்லை.

லாரிச் சத்தம் அடங்குவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. எர்மெலிந்தா. மத்தியானம் கத்திய வாயா இது என்று சந்தேகம் வரும்படி குரல் உள்ளே போயிருந்தது.

"மதினி. என் பாஸ்குவால் உன் கையிலதானே பிறந்தான். அன்செல்மோ வந்தப்ப அவன் கை சில்லுன்னு இருந்துச்சு. குளிருக்குக்கூட அப்படி இருக்கும்ல?"

நிக்காசியாவுக்கு நன்றாக நினைவிருந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. நீலம் பாரித்த முகம். ஒரு தடவைகூடத் திறக்காத வாய். சொல்லிவிடலாம். மத்தியானம் வாயைக் கழுவச் சொன்னவளுக்கு இதுதான் பதில் என்று முகத்தில் எறிந்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எர்மெலிந்தாவின் கை, பிள்ளையைப் பிடித்திருப்பதுபோல மடங்கியே இருந்தது.

"குளிருக்குத்தான் மதினி," என்றாள். "மூச்சு இருந்துச்சு. என் விரலக்கூடப் பிடிச்சான்."

எர்மெலிந்தா அவள் மடியில் விழுந்து அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் அடுத்தவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ராத்திரி ஊர் அடங்குவதற்குள் பதினாலு பேர் வந்து போனார்கள். தண்ணீர் படும்போது உண்மையிலேயே மூச்சிருந்த பிள்ளைகளின் தாய்மார் வரவில்லை. அவர்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது? வந்த ஒவ்வொருத்திக்கும் நிக்காசியா ஏதாவது கொடுத்து அனுப்பினாள். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது என்றாள். ஒன்று தும்மியது. ஒன்றின் நெஞ்சுக்குழி சிட்டுக்குருவிக்குத் துடிக்கிறதுபோலத் துடித்தது என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சரளமாக வந்தது. கடவுள் கொடுக்காத மூச்சை வாயால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது பெரிய பாவம் என்றால் அவரே வந்து கணக்குக் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

கடைசிப் பெண் போனபின் தொரீபியோ அடுப்படியிலிருந்து எழுந்து வந்தான். மத்தியானத்திலிருந்து அவளோடு பேசாதவன்.

"எல்லாருக்கும் உசிர் குடுத்துட்டே," என்றான். "நம்ம பையனுக்கு மட்டும்தான் இல்லன்னு சொல்லியிருக்கே. என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா?"

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் செலஸ்தீனோ நாலு ஆட்களோடும் மண்வெட்டியோடும் வந்தார். குரலில் கடுமையே இல்லை, நல்ல செய்தி கொண்டுவந்தவர்போலப் பேசினார். எல்லாப் பெண்களும் அவரிடம் வந்து சொல்லிவிட்டார்களாம். அவரவர் பிள்ளை உயிரோடுதான் தண்ணீர் வாங்கியது, மருத்துவச்சியே கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள் என்று. மருத்துவச்சி வார்த்தையை ஊர் நம்புகிறது. அதே மருத்துவச்சிதான் தன் பிள்ளைக்கு உயிர் இல்லை என்றும் சொல்லியிருக்கிறாள், அதையும் ஊர் நம்புகிறது. ஆக மீதி இருப்பது ஒன்றே ஒன்று.

அன்செல்மோவும் பின்னால் நின்றார். சிலுவைமேல் செய்த ஆணை என்ன ஆயிற்று என்று நிக்காசியா அவரைப் பார்த்தாள். அவர் தொப்பியின் விளிம்பைத் திருகினார்.

"அன்னைக்கு கார்னிவல், தாயி. நான் குடிச்சிருந்தேன். அந்த ஒரு தடவை என் கண்ணு என்னை ஏமாத்தியிருக்கும்."

ஒரு தடவை. இருபத்திரண்டைக் காப்பாற்ற ஒன்றைக் கொடுத்துவிட்டார். அவள் இடத்தில் அவர் இருந்திருந்தாலும், அவர் இடத்தில் அவள் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

கல்லறைக்குப் போனபோது பெண்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் சிலுவையை ஒட்டி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். ஆட்கள் தவறிப்போய் வேறு குழியில் மண்வெட்டியை வைத்துவிடக் கூடாது என்ற காவல். தொரீபியோ மண்வெட்டியை வாங்கினான், ஆனால் ஓங்க முடியாமல் கீழே போட்டுவிட்டு மதில்பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டான். வெளி ஆள் கை படட்டும் என்று விட நிக்காசியாவுக்கு மனசு வரவில்லை. அவளே எடுத்தாள்.

மண் ஈரமாக இருந்தது, சுலபமாக வந்தது. தோண்டிக்கொண்டே நிமிர்ந்து பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். இந்தப் பிள்ளை கால்முன்னே வந்து மூச்சு முட்டிச் செத்தது. அந்தப் பிள்ளை வயிற்றிலேயே இரண்டு நாள் முன்பு செத்தது. பாஸ்குவாலுக்குக் கொடி இரண்டு சுற்று. பதினெட்டு வருஷம் அவள் கையில் வந்து விழுந்த அத்தனையும் அவளுக்குத் தெரியும். நேற்றுச் சொன்னதெல்லாம் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எலியாஸ் தனியாகப் போக வேண்டியதில்லை. கணவாய் மேட்டில் அவனுக்குப் பத்துப் பதினைந்து துணை இருக்கும். அவளுக்கும் இருக்கும்.

அவள் சொல்லவில்லை. குனிந்து மறுபடி மண்ணை வெட்டினாள். வெட்டு மரப்பெட்டியின் மூடியில் பட்டு டொக்கென்றது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பெட்டி சின்னதுதான். ஆனாலும் ஒரு பக்கம் மண் இறுகிப் பிடித்திருந்தது. அவள் மண்டியிட்டு நகத்தால் பறித்துக்கொண்டிருந்தபோது, பாஸ்குவாலின் சிலுவைமேல் கை வைத்து நின்ற எர்மெலிந்தா மலைப்பக்கம் பார்த்தாள்.

"சீக்கிரம் எடு மதினி," என்றாள். "மேகம் கட்டுது."